சாப்பிட்டாச்சு என்று சொன்னவர்கள்

ஜோஸ்பினுக்கு ஆஸ்பத்திரியில் இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது என்ற செய்தி, தாராவியில் அவள் குடியிருக்கும் சந்துக்குள் அரை மணி நேரத்தில் பரவி, ஒரு மணி நேரத்தில் திரிந்தும் போயிற்று. நர்ஸ் வேலை என்றாள் ஒருத்தி. நர்ஸ் இல்லை, அங்கே சமையல்கட்டுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றாள் இன்னொருத்தி. மூன்று மாதத்துக்குச் சம்பளமே கிடையாதாம் என்று மூன்றாமவள் சொன்ன பிறகுதான் எல்லோருக்கும் வயிற்றெரிச்சல் தணிந்தது. நாற்பத்து மூன்று வயதில் ஒருத்தி புதிதாக ஒன்றைத் தொடங்கினால் பார்ப்பவர்களுக்கு என்ன குறைந்துவிடுமோ, கர்த்தருக்கே வெளிச்சம்.

அவள் தொடங்கியதற்குக் காரணம் ஒரு காகிதம். சில வருஷங்களுக்கு முன்னால் அவள் கணவர் தனசீலனுக்குச் சர்க்கரை நோய் என்று தெரியவந்தது. தனசீலன் பஸ் டிப்போவில் மெக்கானிக். டாக்டர் இரண்டு நிமிஷம் பேசிவிட்டு, என்னென்ன சாப்பிடலாம் என்று அச்சடித்த ஒரு காகிதத்தைக் கையில் திணித்து அனுப்பினார். ஓட்ஸ் இருந்தது, ப்ராக்கோலி இருந்தது, ஆலிவ் எண்ணெய் இருந்தது. சோறு, மீன்குழம்பு, கருவாடு, மரச்சீனிக்கிழங்கு என்று தனசீலன் பிறந்தது முதல் தின்று வளர்ந்த எதுவும் அதில் இல்லை. "இதுல எது மரம், எது செடின்னாவது எழுதியிருக்கானாட்டி?" என்று அவர் கேட்டார். ஜோஸ்பினுக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலேயே கோபமும் வந்தது. எங்கள் வீட்டுச் சட்டியில் என்ன கிடக்கிறது என்று தெரியாதவன் எங்களுக்கு எழுதித் தருவானா? தெரிந்த ஒருத்தி எழுதினால் என்ன?

அப்படித்தான், பன்னிரண்டாவதோடு நின்றுபோனவள் முப்பத்தொன்பதாவது வயதில் மாட்டுங்காவில் ஒரு பெண்கள் கல்லூரியில் உணவும் ஊட்டச்சத்தும் படிக்கச் சேர்ந்தாள். அதுவரை பதினெட்டு வருஷமாக அவள் இருந்தது தனசீலனின் அக்கா லூசியம்மாள் நடத்தும் தையல் பட்டறையில். சட்டைக்கு பட்டன் சரியாக இருக்கிறதா, நூல் தொங்குகிறதா என்று பார்த்து மடித்து அடுக்குகிற வேலை. காலையில் கல்லூரி, மத்தியானத்துக்கு மேல் பட்டறை என்று மூன்று வருஷம் ஓடி, பட்டமும் வாங்கினாள். கூடப் படித்த பிள்ளைகள் "ஆன்ட்டி, ஆன்ட்டி" என்று அவளைச் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் பட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய? உணவு ஆலோசகராக வேண்டுமென்றால் ஏதாவதொரு ஆஸ்பத்திரியில் இன்டர்ன்ஷிப் முடித்திருக்க வேண்டும். இருபத்திரண்டு இடங்களுக்கு எழுதினாள். பதினேழு இடங்களிலிருந்து பதிலே இல்லை. நாலு இடங்களில் இளையவர்களை எதிர்பார்ப்பதாக மரியாதையாகச் சொன்னார்கள். ஓரிடத்திலிருந்து போன் வந்தது. இவள் ஹலோ சொன்னதும் அந்தப் பெண், "உங்க பொண்ணுகிட்ட போனைக் குடுங்க" என்றாள். ஒரு வருஷம் இப்படிப் போயிற்று. ராத்திரி படுத்தால் தூக்கம் வருவதில்லை, பகலில் உட்கார்ந்தால் இருப்புக் கொள்வதில்லை. பட்டறையில் சட்டையை மடித்துக்கொண்டே நிமிஷத்துக்கு ஒரு முறை போனை எடுத்துப் பார்ப்பாள். லூசியம்மாள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்ப்பாள்.

கடைசியில், இருபத்து மூன்றாவதாக எழுதிப் போட்ட செம்பூர் டிரஸ்ட் ஆஸ்பத்திரி கூப்பிட்டது. மூன்று மாதம். நாலு இன்டர்ன்கள். முடிவில் நாலு பேரில் ஒருவருக்கு ஒரு வருஷக் கான்ட்ராக்ட், முழுச் சம்பளத்தோடு. லூசியம்மாளிடம் சொன்னபோது அவள், "மூணு மாசம்தானே, பொறுத்துக்கிடுதேன். வேலை கெடச்சா போ. கெடைக்கலன்னா திரும்பி வந்துரு, உன்னய சூப்பர்வைசராப் போடுதேன். அதுக்கு மேல இந்த அலைச்சல் வேண்டாம் கேட்டியா?" என்றாள். மோசமான மனுஷி இல்லை. அதனாலேயே ஜோஸ்பினுக்குப் பயமாக இருந்தது. அந்தப் பட்டறை வாசலை இன்னொரு முறை மிதித்தால் அறுபது வயது வரை வெளியே வரமாட்டோம் என்று அவளுக்குத் தெரியும். "பாப்போம் மைனி" என்று மழுப்பிவிட்டு வந்தாள்.

ஏப்ரல் முதல் தேதி வேலையில் சேர்ந்தாள். சயானில் ரயிலேறி, குர்லாவில் இறங்கி, பாலம் ஏறி ஹார்பர் லைன் பிடித்துச் செம்பூர். ஒன்பது மணிக்கு வரச் சொன்னால் எட்டே காலுக்கே போய் நிற்பாள். முதல் நாள் வாட்ச்மேன் அவளை நோயாளியின் அம்மா என்று நினைத்து, பார்வையாளர் நேரம் பதினோரு மணிக்குத்தான் என்று உட்காரவைத்துவிட்டான். அதற்குச் சரிக்கட்டுவதுபோல் இரண்டாம் நாள் வார்டில் ஒரு கம்பவுண்டர் அவளைப் பெரிய மேடம் என்று நினைத்து எழுந்து நின்றான். இன்டர்ன் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

உணவுப் பிரிவின் தலைவி ஃபர்ஸானா மேடம். முப்பத்தொரு வயது. அவளுடைய அப்பா திருநெல்வேலிப் பக்கத்து ஆள், அதனால் தமிழ் பேசுவாள். பாதி பேசி வரும்போதே இந்தியில் போய் விழும். நடக்கிற நடையில் தரை அதிரும். மற்ற மூன்று இன்டர்ன்களும் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பிள்ளைகள். அதில் கெட்டிக்காரி ஜோயா. கண் மூடித் திறப்பதற்குள் கணினியில் நாலு நோயாளிகளுக்குச் சாப்பாட்டுப் பட்டியல் போட்டுவிடுவாள். ஜோஸ்பின் ஒற்றை விரலால் தட்டி ஒருவருக்கு முடிப்பாள். ஜோயா பேசுவது முழுக்க இந்தி, அதை நாம் தமிழிலேயே கேட்டுக்கொள்வோம். "ஆன்ட்டி, நீங்க கணினியை விட்டுருங்க, நான் போட்டுத் தரேன். வார்டுல இந்த மதறாஸி ஆட்களை நீங்க பாத்துக்கோங்க. அவங்க என்கிட்ட வாயே திறக்க மாட்டேங்கறாங்க" என்றாள் இரண்டாவது வாரத்தில்.

அது உண்மை. செம்பூர், தாராவி, சயான் பக்கமிருந்து வருகிற தமிழ் நோயாளிகள் நிறைய. ஜோஸ்பினைக் கண்டதும் அவர்களுக்கு வாய் திறந்துகொள்ளும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டில் கட்டிலாகப் போய், யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று தாளில் குறிக்க வேண்டும். முழுசு, பாதி, கால், இல்லை என்று நாலு கட்டம். புண், காய்ச்சல் என்று வாய் கசந்துபோன சர்க்கரை நோயாளிகளுக்கு அந்த வார்டில் சாப்பாட்டுக்குப் பிறகுதான் இன்சுலின். எவ்வளவு உள்ளே போயிற்றோ அதற்குத் தகுந்த அளவு. சிஸ்டர் இந்தத் தாளைப் பார்த்துத்தான் போடுவார். தட்டின் மூடியைத் திறந்து பார்த்து எழுத வேண்டும் என்பது ஃபர்ஸானா மேடம் முதல் நாளே சொன்ன உத்தரவு.

ஜோயா திறந்து பார்ப்பாள். கொஞ்சமும் கூச்சமில்லாமல் மூடியைத் தூக்கி, கிடக்கிற சோற்றைக் கண்ணால் அளந்து எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். ஜோஸ்பினால் அது முடியவில்லை. அடுத்தவர் தட்டை எட்டிப் பார்த்தால் அவள் வளர்ந்த வீட்டில் முதுகில் அடி விழும். அதுவும் தகப்பன் வயதுள்ள ஆள் கட்டிலில் உட்கார்ந்திருக்க, மூடியைத் தூக்கி எச்சில் தட்டைப் பார்ப்பதா? வாய் எதற்கு இருக்கிறது? அவள் கேட்பாள். "சாப்ட்டாச்சா அண்ணாச்சி?" "ஆச்சும்மா." முழுசு. "சாப்ட்டாச்சா அக்கா?" "ஆச்சு, நீ சாப்பிட்டியாம்மா?" முழுசு. எவ்வளவு சுலபம். ஆறு வாரம் இப்படியே ஓடியது. நாலு பேரில் முதலில் ரவுண்டு முடிப்பவள் ஜோஸ்பின்தான், ஃபர்ஸானா மேடமே ஒரு நாள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்துத் தலையசைத்தாள். அன்றைக்கு ரயிலில் ஜோஸ்பினுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மே மாதம் பதினாறாம் தேதி அது நடந்தது.

ஆண்கள் வார்டில் பதினோராம் கட்டில் நாகூர் மீரான் பாய். தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருக்கிறவர், காலில் ஆறாத புண். கூட அவர் மனைவி சுலைகா. அன்றைக்கு அம்பர்நாத்திலிருந்து அவருடைய மச்சான் வந்து கட்டிலோரத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தான். தட்டு மூடியபடி பக்கத்து மேஜையில் இருந்தது. ஜோஸ்பின் தாளோடு வந்து, "சாப்ட்டாச்சா பாய்?" என்றாள்.

"ஆச்சும்மா. நீ?"

"இனிதான் பாய்."

முழுசு என்று குறித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். தட்டெடுக்கும் வண்டி வந்தது, மேஜையிலிருந்த தட்டைத் தூக்கிக்கொண்டு போனது. சிஸ்டர் தாளைப் பார்த்து முழு அளவு இன்சுலின் போட்டார். சுலைகா அப்போது கீழே மருந்துக் கடை வரிசையில் நின்றாள்.

மூன்று மணி வாக்கில் ஜோஸ்பின் மாலைத் தேநீர்ப் பட்டியலோடு வார்டுக்குள் நுழைந்தபோது சுலைகா, "ஏம்மா, இங்க வந்து பாரு, இவுக என்னமோ போல இருக்காக" என்று கூப்பிட்டாள். மீரான் பாயின் சட்டை தண்ணீரில் முக்கியதுபோல் நனைந்திருந்தது. கை நடுங்கியது. பேச்சு குழறியது. மனைவியைப் பார்த்து, கடையைப் பூட்டு, கடையைப் பூட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஜோஸ்பின் சிஸ்டரைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினாள். விரலில் குத்திப் பார்த்தார்கள். சர்க்கரை நாற்பத்தெட்டு, எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றி, கால் மணி நேரத்தில் அவர் கண் தெளிந்து சுற்றுமுற்றும் பார்க்கும்வரை ஜோஸ்பின் அந்தக் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றாள். கை கம்பியை விடவில்லை. யாரோ வந்துதான் விலக்கிவிட்டார்கள்.

மத்தியானத் தட்டு தொடாமலே திரும்பிப் போனது அதற்குள் தெரிந்துபோயிருந்தது. நாலரை மணிக்கு ஃபர்ஸானா மேடத்தின் அறையில் அந்தத் தாள் மேஜைமேல் கிடந்தது. பதினோராம் கட்டில், முழுசு, கீழே ஜோஸ்பினின் கையெழுத்து. அறை வாசலில் ஜோயா அவள் காதோரம், "ஆன்ட்டி, பேஷண்ட் தப்பாச் சொல்லிட்டார்னு சொல்லுங்க. அவரே ஒத்துக்குவார். முடிஞ்சு போச்சு" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பிள்ளைக்குப் பதற்றம்.

"மூடியைத் திறந்து பாத்தீங்களா?" என்றாள் ஃபர்ஸானா.

"இல்ல மேடம்."

"ஏன்?"

"கேட்டேன். ஆச்சுன்னாங்க. நம்பிட்டேன்."

ஃபர்ஸானா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. "இனிமே வார்டு வேண்டாம். மிச்ச நாள் கிச்சன்ல இருங்க, எடை போடற வேலை. தீஸ் ஜூன், அதான் முப்பதாம் தேதி வரைக்கும். சர்டிஃபிகேட் தரலாமா வேண்டாமான்னு அப்புறம் பாக்கலாம்" என்றாள்.

மறுநாளிலிருந்து தரைத்தளச் சமையலறையில், தராசு முன்னால், சோறு இருநூறு கிராம், பருப்பு நூற்றைம்பது கிராம் என்று நிறுத்துக்கொண்டிருந்தாள் ஜோஸ்பின். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வீட்டில் சொல்லவில்லை. தனசீலன் ஏதோ கேட்டால் எரிந்து விழுந்தாள். ராத்திரி எழுந்து தண்ணீர் குடித்தாள், படுத்தாள், மறுபடி எழுந்தாள். ஒரு மனுஷனைக் கொன்றிருப்பேன் என்ற நினைப்பு ஒரு பக்கம், பட்டறைக்குத்தான் திரும்பப் போகிறேன் என்ற நினைப்பு இன்னொரு பக்கம். இரண்டாவது நினைப்பு வருவதற்கே அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வந்தது. இல்லை என்று எதற்குச் சொல்ல?

மூன்றாம் நாள் சாப்பாட்டு இடைவேளையில் மீரான் பாயைப் பார்க்கப் போனாள். அவர் இவளைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார். "நாந்தாம்மா பொய் சொன்னது" என்றார். "மச்சான் அந்த வெயில்ல அம்பர்நாத்துல இருந்து வந்து உக்காந்திருக்கான். அவன் பட்டினியா பாத்துக்கிட்டு இருக்கும்போது நான் மட்டும் எப்படித் திங்க? அவன் போகட்டும், பொறவு திம்போம்னு மூடி வச்சேன். நீ வந்து கேட்ட. கேட்டா ஆச்சுன்னுதான வருது. சாப்பிடலன்னு எந்த வாயால சொல்ல?"

"நானும் அப்படித்தான் பாய் சொல்லுவேன்" என்றாள் ஜோஸ்பின்.

சொல்லிவிட்டுப் படியிறங்கும்போதுதான் பாதிப் படியில் அப்படியே நின்றாள். நானும் அப்படித்தான் சொல்லுவேன். இவர் சொன்னார். அப்படியானால் மற்றவர்கள்? ஆறு வாரமாக, கட்டில் கட்டிலாக, ஆச்சு, ஆச்சு என்று சொன்ன அத்தனை பேரும்? சாப்ட்டாச்சா என்று கேட்டால் இல்லை என்று எந்தத் தமிழன் சொல்லியிருக்கிறான்? இல்லை என்றால் கேட்டவள் சாப்பாடு போட்டாக வேண்டும், அவளைச் சங்கடத்தில் மாட்டுவானேன் என்று நாலு நாள் பட்டினி கிடந்தவனும் ஆச்சு என்றுதான் சொல்லுவான். இது ஜோஸ்பினுக்குப் பிறந்தது முதல் தெரியும். தெரிந்தும் அந்தக் கேள்வியையே கேட்டிருக்கிறாள், வந்த பதிலையே எழுதியிருக்கிறாள்.

வேலை முடிந்ததும் பழைய தாள்கள் இருக்கிற அலமாரியைத் திறந்து, தான் எழுதியதையெல்லாம் எடுத்தாள். நின்றபடியே எண்ணினாள். மொத்தம் முந்நூற்று நாற்பது வரிகள். அதில் முந்நூற்றுப் பன்னிரண்டு முழுசு. ஜோயாவின் தாள்களை எடுத்துப் பார்த்தாள். அதில் பாதிக்குப் பாதிகூட முழுசு இல்லை. ஆஸ்பத்திரிச் சாப்பாட்டை இத்தனை பேர் வழித்துத் தின்றதாக எழுதியவள் உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

இந்த விஷயம் யாருக்கும் தெரியாது. மீரான் பாய் விஷயம் ஒரு தடவை நடந்த தவறு. அது ஆறிக்கொண்டு வருகிறது, சர்டிஃபிகேட்டும் ஒருவேளை கிடைக்கும். வாயை மூடிக்கொண்டு சோற்றை நிறுத்துக்கொண்டிருந்தால் ஜூன் முப்பது வந்துவிடும். குர்லாப் பாலத்தில் கூட்டம் இடித்துக்கொண்டு போக அவள் இதையே திருப்பித் திருப்பி யோசித்தாள். ஆனால் அந்தத் தாள்களைப் பார்த்து இன்சுலின் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்து நாளைக்கு டாக்டர் இன்னொரு அளவு எழுதுவார். மறுநாள் காலையில் தாள்களைக் கட்டாக நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய் ஃபர்ஸானாவின் மேஜைமேல் வைத்தாள்.

"இது எதையும் நம்பாதீங்க மேடம். முந்நூத்திப் பன்னெண்டு முழுசு எழுதியிருக்கேன். ஒண்ணுக்குக்கூடத் தட்டைத் திறக்கல. இப்ப இங்க படுத்திருக்கிறவங்க இதுல பதினாலு பேர் இருக்காங்க, பேர் தனியா எழுதியிருக்கேன். டாக்டர்ட்ட இன்னைக்கே சொல்லிருங்க."

ஃபர்ஸானா பெயர்களைப் படித்தாள். உடனே போனை எடுத்து வார்டுக்குப் பேசினாள். வைத்துவிட்டு, "இதைச் சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றாள்.

"எனக்குத் தெரிஞ்சிருக்குமே" என்றாள் ஜோஸ்பின். அப்புறம், வந்தது வரட்டும் என்று, "ஒரு தடவை மட்டும் என்கூட வார்டுக்கு வாங்க மேடம். வேற மாதிரி கேட்டுப் பாக்கேன்" என்றாள்.

மத்தியானம் பெண்கள் வார்டுக்குப் போனார்கள். முதல் கட்டிலில் ஒரு பாட்டியம்மாள். தட்டு காலி. ஜோயாவாக இருந்தால் முழுசு என்று எழுதிவிட்டு நகர்ந்திருப்பாள். ஜோஸ்பின் கட்டிலோரத்தில் உட்கார்ந்து, சாப்பிட்டாச்சா என்று கேட்கவில்லை. "இன்னைக்குச் சாப்பாட்டுல என்ன கொற பாட்டி?" என்றாள்.

பாட்டிக்கு எங்கிருந்துதான் தெம்பு வந்ததோ. "பருப்பா அது? பாத்திரம் கழுவுன தண்ணி. உப்பும் இல்ல, ஒறப்பும் இல்ல. ரெண்டு வாய் வச்சேன், கொமட்டிக்கிட்டு வந்துச்சு. மிச்சத்தை எம் மருமவதான் தின்னா, அவ பாவம் காலையில வந்தது" என்று பொரிந்து தள்ளினாள். ஃபர்ஸானா தாளில் 'கால்' என்று குறித்தாள். அடுத்த கட்டிலில் சோறு வேகவில்லையாம், தயிரை மட்டும் குடித்தாளாம். அதற்கடுத்தவள் முட்டையைப் பேரனுக்குக் காகிதத்தில் மடித்து வைத்திருந்தாள், தலையணைக்கு அடியிலிருந்து எடுத்தே காட்டினாள். சாப்பிடவில்லை என்று சொல்லக் கூசுகிற வாய், சாப்பாட்டில் குறை சொல்ல என்றைக்குக் கூசியது? ஜோஸ்பின் குறையைக் கேட்டபிறகு, "தட்டைக் கொஞ்சம் பாக்கட்டுமா?" என்று கேட்டு மூடியையும் திறந்தாள். முதல் இரண்டு தடவை கை கூசியது. பிறகு பழகிவிட்டது.

எட்டுக் கட்டில் முடித்து வெளியே வந்ததும் ஃபர்ஸானா வராந்தாவில் ஜன்னலோரம் நின்றுவிட்டாள். மறுபடி வார்டு, ஒருவேளை அந்த ஒரு வருஷ வேலை, ஒருவேளை... ஜோஸ்பினின் மனசு அதன் பாட்டுக்கு ஓடியது.

"ஒரு விஷயம் சொல்லணும்" என்றாள் ஃபர்ஸானா. "அந்தக் கான்ட்ராக்ட் போஸ்ட்டுக்கு வயசு முப்பத்தஞ்சுக்குள்ள இருக்கணும். டிரஸ்ட்டோட ரூல். முதல்லயே எனக்குத் தெரியும்."

ஜோஸ்பினுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கேட்டாள்.

"அப்ப என்னய எதுக்கு எடுத்தீங்க?"

"தமிழ் தெரிஞ்ச ஆள் வேணும். சொன்னா வரமாட்டீங்கன்னு சொல்லல. மத்லப், அதாவது, எப்படியும் நாலுல ஒருத்தருக்குத்தானே, உங்களுக்குக் கிடைக்கலன்னு நினைச்சுக்குவீங்கன்னு..." ஃபர்ஸானாவின் குரல் இறங்கியது. "நீங்க காலைல அந்தத் தாளைக் கொண்டு வந்து வச்சீங்க. அதுக்கப்புறம் என்னால சொல்லாம இருக்க முடியல. தப்பு என்னோடது."

ஒருத்தி கண்முன் நின்று தப்பு என்னுடையது என்று சொல்லும்போது என்ன செய்வது? கன்னத்தில் அறைய முடியுமா? ஜோஸ்பினுக்கு அறைய வேண்டும் போலத்தான் இருந்தது. "ரெண்டு மாசமா நான் உறங்கல மேடம்" என்றாள். "வேலை கெடச்சிருமா, கெடச்சிருமான்னு. என் வீட்டுக்காரர்ட்ட, அவங்க அக்காட்ட எல்லாம் சொல்லியிருக்கேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வேற எடம் தேடியிருப்பேன்."

ஃபர்ஸானா போனிலிருந்து ஒரு எண்ணை எழுதிக் கொடுத்தாள். நெருளில் ஒரு ஆஸ்பத்திரி. அங்கே தலைவி சஃப்ரீன், ஃபர்ஸானாவின் பழைய சீனியர். ஆறு மாத இன்டர்ன்ஷிப், சின்னதாகச் சம்பளமும் உண்டு. நன்றாகச் செய்தால் அங்கேயே எடுத்துக்கொள்வார்களாம். "அங்க வயசு பிராப்ளம் இல்ல, எனக்குத் தெரிஞ்ச வரைக்கும். நான் பேசி வைக்கறேன். மீரான் பாய் விஷயம் சொல்ல மாட்டேன், கவலைப்படாதீங்க."

"தெரிஞ்ச வரைக்குங்கிற பேச்சு இனி வேண்டாம்" என்றாள் ஜோஸ்பின். "நீங்க பேச வேண்டாம் மேடம். நானே பேசுதேன்." காகிதத்தை வாங்கிக்கொண்டு அரை நாள் விடுப்பு கேட்டாள். ஃபர்ஸானா தலையாட்டினாள்.

செம்பூர் ஸ்டேஷனில், வீட்டுக்குப் போகிற குர்லாப் பக்கத்து மேடையில் அவள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். இரண்டு ரயில் வந்தது, ஏறவில்லை. எண்ணை அழுத்துவாள், நிறுத்துவாள். இன்னொரு ஆறு மாதமா? முடியும்போது நாற்பத்து நாலு ஆகிவிடும். போகாவிட்டாலும் நாற்பத்து நாலு ஆகத்தான் போகிறது. மூன்றாவது ரயில் போனதும் அழுத்தியேவிட்டாள்.

சஃப்ரீன் எடுத்ததும் ஜோஸ்பின் வணக்கம், நலம் விசாரிப்பு எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. தன் இந்தியில் நேராகச் சொன்னாள். "என் பேர் ஜோஸ்பின். வயசு நாப்பத்தி மூணு. வயசு ஒரு தடைன்னா இப்பவே சொல்லிருங்க, நான் வேற இடத்துக்கு போன் பண்ணணும். இன்னொண்ணும் சொல்லணும். இங்க தட்டைத் திறந்து பாக்காம முழுசுன்னு எழுதினேன். ஒரு பேஷண்டுக்கு சர்க்கரை நாப்பத்தெட்டுக்கு இறங்கிருச்சு. பிழைச்சுட்டார். பிறகு எண்ணிப் பாத்தேன், அதே மாதிரி முந்நூத்திப் பன்னெண்டு தடவை எழுதியிருக்கேன். அதைக் கொண்டுபோய் மேடத்துக்கிட்ட குடுத்துட்டேன்."

வைத்துவிட்டாளோ என்று ஜோஸ்பின் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். வைக்கவில்லை.

"நீங்களா கொண்டுபோய்க் குடுத்தீங்களா, கேட்டாங்களா?" என்றாள் சஃப்ரீன்.

"யாரும் கேக்கல. நானாத்தான்."

"வயசு தடை இல்ல. இங்க போன வருஷம் சேர்ந்தவங்க ஒருத்தருக்கு நாப்பத்தாறு. நான் அஞ்சு மணி வரைக்கும் இருப்பேன், இன்னைக்கு வர முடியுமா?"

எதிர் மேடையில், நெருள் வழியாகப் போகிற பன்வெல் வண்டிக்கான அறிவிப்பு ஓடியது. ஜோஸ்பின் பாலத்தில் ஏறிய வேகத்தில் சேலைத் தலைப்பு எங்கேயோ மாட்டிக் கிழிந்தது. வண்டிக் கதவடியில் நின்ற பெண்கள் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். உள்ளே நகர்ந்து மூச்சு வாங்கி முடிப்பதற்குள் தனசீலன் போனில் வந்தார்.

"எங்க இருக்க?"

"நெருளுக்குப் போயிட்டிருக்கேன். செம்பூர் வேலை கெடைக்காது. வேற ஒரு எடத்துல இன்டர்ன்ஷிப். ஆறு மாசம்."

"இன்னும் ஆறு மாசமா?" என்றார் தனசீலன். பின்னால் டிப்போவில் யாரோ இரும்பைத் தட்டுகிற சத்தம் கேட்டது. "அக்கா காலையிலகூடக் கேட்டா. அவளுக்கு என்ன பதில் சொல்ல?"

"வேற ஆளப் பாக்கச் சொல்லுங்க."

"அத நீயே சொல்லிரு. எனக்குப் பயமா இருக்கு."

அவளுக்கும்தான் பயமாக இருந்தது. இருபத்திரண்டு வருஷம் சோறு போட்ட பட்டறை. போனை வைத்துவிட்டு, கோவண்டியில் கூட்டம் ஏறி இறங்கியதும், ஒரு கையால் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் லூசியம்மாளைக் கூப்பிட்டாள். அவள் எடுத்ததும், "மைனி, நான் இனி பட்டறைக்கு வரமாட்டேன்" என்றாள். வண்டிச் சத்தத்தில் காதில் விழவில்லை போலிருக்கிறது, என்னட்டி சொல்லுத என்று லூசியம்மாள் கேட்டாள். ஜோஸ்பின் பெட்டியே திரும்பிப் பார்க்கும்படி குரலை உயர்த்தி அதையே மறுபடியும் சொன்னாள்.